சேவ் இருந்த இடத்தில் கேன்சல்

யார் கேட்டது இந்த அப்டேட்டை? மாமாவின் ஹார்டுவேர் கடையில் இருப்பது ஒரே ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர். பழைய பில்லிங் மென்பொருள் பார்க்க அசிங்கமாக இருந்தாலும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. இப்போது 'விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் ஓடும்' என்ற பெருமையோடு புதுப் பதிப்பு. அடேயப்பா! ஆணியும் பெயின்ட்டும் விற்கிற கடைக்கு லினக்ஸில் பில் போட்டால்தான் தூக்கம் வரும் பாருங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம், கடையில் நல்ல கூட்டம். கான்ட்ராக்டர் ஒருவர் நீள லிஸ்ட்டோடு வந்தார். பைப், அதை இணைக்கிற எல்போ, டீ, ஒட்டுகிற சால்வென்ட் என்று ஒவ்வொன்றாக அடிக்கிறேன். பழையதில் என்டர் தட்டினால் அடுத்த கட்டம். இதில் என்டர் தட்டினால் ஒன்றும் நடக்காது. மவுஸைப் பிடி, கட்டத்தைக் கிளிக் செய், அளவைப் போடு, மறுபடி மவுஸைப் பிடி. "முக்கால் இன்ச் தம்பி, ஒரு இன்ச் இல்ல" என்று அவர் வேறு. சரி, திரும்பப் போய் மாற்று, மறுபடி மவுஸ். ஒருவழியாக முடித்தால், பிடிஎஃப் ஆக வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்.

சேவ் கொடுத்தேன். விண்டோஸின் வழக்கமான பெட்டி வரவில்லை. இவர்களே கைப்பட வரைந்த ஏதோ ஒன்று வந்தது. டெஸ்க்டாப்பையே காணோம். சி டிரைவுக்குள் புகுந்து, யூசர்ஸைத் திறந்து, மாமா பெயரைத் தேடிப் பிடித்து, ஃபைலுக்குப் பெயர் அடித்து, இத்தனை வருடப் பழக்கத்தில் கை தானாகப் போய் இடது பட்டனை அமுக்கியது. அது கேன்சல். நிச்சயமா என்று ஒரு கேள்வி? கிடையாது. மொத்த பில்லும் காலி.

"என்ன தம்பி, வந்துடுச்சா?"

"இதோ அண்ணே."

மறுபடி பைப். மறுபடி எல்போ. மறுபடி முக்கால் இன்ச்.

விண்டோஸில் ஓகே இடது, கேன்சல் வலது, மேக்கில் தலைகீழ். இது ஊருக்கே தெரிந்த சங்கதி. நானும் வாரநாளில் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன்தான். மென்பொருளுக்குப் பெட்டியும் பட்டனும் செய்து தரும் க்யூட்டி என்கிற டூல்கிட்டில், எந்த சிஸ்டத்தில் ஓடுகிறதோ அதன் வழக்கப்படி பட்டன்களைத் தானே வரிசைப்படுத்தும் வசதி 2006-லேயே வந்துவிட்டது. இவர்கள் பயன்படுத்துவது எலக்ட்ரான், வெப் பக்கம் மாதிரி எழுதி மூன்று சிஸ்டத்திலும் ஓட்டுகிற வசதி. அதிலும் சிஸ்டத்தின் சொந்த சேவ் பெட்டியை ஒரே வரியில் கூப்பிடலாம். கூப்பிட மாட்டார்கள், மூன்றிலும் ஒரே மாதிரி 'அழகாக' இருக்க வேண்டுமாம்! மூன்று சிஸ்டத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கிறவர்கள் அதை எழுதியவர்கள் மட்டும்தான். ஃப்ரீ சைஸ் நைட்டியை வாங்கி மாட்டிக்கொண்ட கதை, யாருக்கும் பொருந்தாது.

சின்னக் கம்பெனி, மூன்று தடவை எழுத ஆள் இருக்காது, புரிகிறது. எலக்ட்ரானைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை; நான் நாள் முழுக்கக் குடியிருக்கும், புரோகிராம் எழுதுகிற விஎஸ் கோடும் அதில் செய்ததுதான், ஒரு குறையும் சொல்ல முடியாது. அதற்காக எல்போவைக் கூட்டிப் பெருக்க எலக்ட்ரானுக்குள் இருக்கும் குரோமியம் என்கிற ஒரு முழு பிரவுசரையா பின்னால் இழுத்துக்கொண்டு வருவது? கடைக் கம்ப்யூட்டரில் இருப்பது 4 ஜிபி ராம் ஐயா! பில் திறந்திருக்கும்போது வாட்ஸ்அப் வெப்பையும் திறந்தால் மின்விசிறி கதறுகிறது.

திங்கட்கிழமை சப்போர்ட்டுக்கு போன் போட்டுப் பட்டன் கதையைப் பொறுமையாகச் சொன்னேன். அந்தப் பையன் பவ்யமாகக் கேட்டுவிட்டு, "சார், மேக்ல கரெக்டா இருக்கே?" என்றான்.

சிரித்துவிட்டேன். என்ன செய்வது, அவனும் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறான்.

இந்தக் கூத்தில் அந்தக் கான்ட்ராக்டர் கவுன்டர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போய்விட்டார். நூல் கட்டி வைத்த பேனா. நூலை அறுத்தா எடுத்துப் போவார்கள்?