ஈதர்காரர்களைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை அறிவியல் கூட்டத்தில் நடந்ததை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். "ஈதரை நம்பினவங்கல்லாம் அந்தக் காலத்து வாட்ஸ்அப் அங்கிள்ஸ்" என்றார் பேச்சாளர். (ஒளி பரவுவதற்காக வெளியெங்கும் நிறைந்திருக்கிறது என்று ஒரு காலத்தில் நினைத்த பொருள்தான் ஈதர்.) கைதட்டல். நான் கேள்வி கேட்க எழுந்தேன். "இதோ ஒருத்தர் வந்துட்டாரு" என்றார். இன்னும் பலமான கைதட்டல். சந்தோஷம்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். தோற்றுப்போன கொள்கைக்காரர்கள் முட்டாள்கள் இல்லை.

ஒளி என்பது அலை என்று 1690இல் ஹைகன்ஸ் எழுதினார். 1704இல் நியூட்டன், ஒளி என்பது துகள் என்ற பக்கம் நின்றார். 1818இல் பாரிஸ் அறிவியல் அகாதெமி போட்டிக்கு அலைக் கணக்கை அனுப்பினார் ஃபிரெனெல். நடுவர்களில் ஒருவரான பாய்சான் துகள் கட்சி. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, இதன்படி வட்டத் தகட்டு நிழலின் நட்டநடுவில் வெளிச்சப் புள்ளி விழவேண்டுமே, நடக்குமா என்று மடக்கினார். அராகோ செய்து பார்த்தார். புள்ளி விழுந்தது! பாய்சான் தோற்றார், சரி. ஆனால் எதிராளியின் கணக்கைக் கடைசி வரி வரைக்கும் போட்டுப் பார்த்த மனுஷன் அவர். சிரித்துவிட்டுப் போகவில்லை.

அலை என்றால் அது பரவ ஏதாவது வேண்டாமா? அதற்குத்தான் ஈதர். இதில் என்ன மூடநம்பிக்கை? பூமி ஈதருக்குள் ஓடுவதால் ஒளியின் வேகம் திசைக்குத் திசை மாறுகிறதா என்று 1887இல் மைக்கெல்சனும் மோர்லியும் தேடினார்கள், ஒளிப்பட்டைகளில் எதிர்பார்த்த நகர்வு கிடைக்கவில்லை. லோரன்ட்ஸ் ஈதரை விடாமலேயே, ஓடும்போது நீளமும் நேரமும் எப்படி மாறும் என்ற சமன்பாடுகளை எழுதினார். 1905இல் ஐன்ஸ்டைன் தன் சார்பியல் கொள்கையில் ஈதரே வேண்டாம் என்றார். சமன்பாடுகள்? அதேதான். இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் அந்த 'அங்கிள்' பெயர்தான் இருக்கிறது.

பெங்களூர் பீன்யாவில் ஒரு லென்ஸ் பட்டறையில் காலம் கழித்தவன் நான். பாலிஷ் ஆன லென்ஸின் மேல் டெஸ்ட் பிளேட்டை (ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரிக் கண்ணாடி) வைத்து, சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் பார்த்தால் வளையம் வளையமாகத் தெரியும். இரண்டு பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றையொன்று கூட்டியும் அழித்தும் போடும் வளையம் அது. ஒரு வளையம் என்றால் இரண்டு பரப்புக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் சுமார் 295 நானோமீட்டர் வித்தியாசம். வளையம் கோணினால் லென்ஸ் திரும்பப் பாலிஷுக்குப் போகும். கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாலே உடம்புச் சூட்டில் வளையம் நெளியும். அலைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. பெயர் என்ன தெரியுமா? நியூட்டன் வளையங்கள்! துகள்காரர் அளந்து வைத்ததுதான் அலைக்காரருக்குச் சோறு போட்டது. எனக்கும்தான். இதையெல்லாம் கண்ணால் பார்த்தவனைத்தான் அங்கிள் என்று உட்கார வைத்தார்கள். ஐடி கம்பெனி அட்டை கழுத்தில் தொங்கினால்தான் பெங்களூரில் அறிவியல் பேசலாம் போல.

"அப்போ ஐன்ஸ்டைன் தப்பா?" என்று ஒருவர் இன்பாக்ஸில் கேட்கிறார். நான் எங்கே அப்படிச் சொன்னேன்? "நாளைக்குத் தட்டை பூமிக்கும் மரியாதை கேட்பீங்களா?" இதற்கெல்லாம் பதில் கிடையாது. "ரெண்டு ஜோக் அடிச்சாத்தான் பசங்க உட்காருவாங்க சார்" என்கிறார் என் நண்பர். அது நியாயம். அடிக்கட்டும். ஆனால் கேள்வி கேட்டவன் தலையிலா?

கேள்வி என்ன என்று யாருமே கேட்கவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். மைக்கெல்சன்-மோர்லி சோதனை ஒன்றே ஐன்ஸ்டைனின் சார்பியலை நிரூபித்துவிட்டது என்றார் பேச்சாளர். இல்லை. ஒளியின் வேகத்தோடு விளக்கின் வேகமும் சேரும் என்று 1908இல் இயற்பியலாளர் ரிட்ஸ் சொன்னாரே, அதுவும் அந்தச் சோதனைக்குப் பொருந்தும். அடுத்த வருஷமே, 31 வயதில் ரிட்ஸ் போய்விட்டார். 1913இல் வானியலாளர் டி சிட்டர், ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்களை எடுத்துக்கொண்டார். ரிட்ஸ் சொன்னது சரியென்றால், விண்மீன் நம்மை நோக்கி வரும்போது கிளம்பிய ஒளி, விலகிப் போகும்போது கிளம்பியதை முந்தி வந்து, சுற்றுப்பாதையே குழம்பித் தெரியவேண்டும். அப்படித் தெரியவில்லை. செத்துப்போனவருக்கு இவ்வளவு பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

பேச்சாளர் டி சிட்டர் பெயரைச் சொல்லியிருந்தால் ஒரே நிமிஷத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். கையும் தட்டியிருப்பேன்.