போலரைஸ்டு எல்லா இடத்துக்கும் சரிவராது

மலைப்பாதையில் சைக்கிள் ஓட்ட, பளபளப்பின் கூச்சத்தைக் குறைக்கும் போலரைஸ்டு குளிர்கண்ணாடிதான் சிறந்தது என்று ஒரு கட்டுரையில் இருக்கிறது. தார்ச்சாலைக்குச் சரி. மரங்களுக்கு நடுவே போகும் பாதையில் எனக்கு ஒத்துவரவில்லை. ஈரமான வேரும் பாறையும் மினுங்குவதைப் பார்த்துத்தான் வழுக்கும் என்று சுதாரிக்கிறோம். அந்த மினுக்கத்தையே இந்தக் கண்ணாடி மங்கடித்துவிடுகிறது. ஒருமுறை முன்சக்கரம் வேரில் சறுக்கி, முழங்கை சிராய்த்ததுதான் மிச்சம்.

வெயிலுக்குத் தக்கபடி நிறம் மாறும் ஃபோட்டோகுரோமிக் லென்ஸும் நிழலுக்குள் நுழைந்ததும் சட்டென்று வெளுக்காது, சில நிமிடம் பிடிக்கும். அதற்குள் இறக்கமே முடிந்திருக்கும்! காட்டுப் பாதைக்கு, 43 முதல் 80 சதவீதம் வரை ஒளியை விடும் வகை 1 (லேசான நிறமுள்ள) லென்ஸ்தான் என் தேர்வு. எளிதில் உடையாத பாலிகார்பனேட் பிளாஸ்டிக்காக, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் யுவி 400 உள்ளதாக இருக்கட்டும். அப்புறம், ஹெல்மெட்டோடு போட்டுப் பாருங்கள். காது ஓரம் அழுத்தினால் அரை மணியில் தலை வலிக்கும்.