ஊட்டிக் குளிருக்கு மூன்று மெம்பிரேன்

எங்கள் வீட்டு ஆர்ஓ குடிநீர் மெஷினுக்கு இரண்டு வருடத்தில் மூன்று மெம்பிரேன் மாற்றியாகிவிட்டது, அதாவது தண்ணீரை விட்டு உப்பைப் பிடித்து நிறுத்தும் சவ்வுச் சுருள். மூன்றுக்கும் காசு கொடுத்தது நாங்கள். இன்று காலையில் அதே சர்வீஸ் பையன் மறுபடியும் போனில், "அக்கா, தண்ணி கம்மியா வருதுன்னா மெம்பிரேன்தான் போயிருக்கும், வர்றப்போ ஒண்ணு எடுத்துட்டு வந்துடுறேன்" என்கிறான். எனக்கு வயிறு எரிகிறது. மெஷினைத் திறக்கவில்லை, ஒரு டம்ளர் தண்ணீர் அளக்கவில்லை, மேட்டுப்பாளையத்தில் இருந்துகொண்டே தீர்ப்பு சொல்லிவிட்டான்.

நாங்கள் இருப்பது ஊட்டி காந்தலில். ஜனவரி விடிகாலையில் புல் மேல் உறைபனி வெள்ளை வெளேரென்று கிடக்கும் ஊர் இது. டேங்க் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப் போகும். என் மகனின் பள்ளி புராஜெக்ட்டுக்கு வாங்கிய தெர்மாமீட்டரை அதில் போட்டுப் பார்த்தேன், 10 டிகிரி. மெம்பிரேன் மேல் 75 ஜிபிடி என்று எழுதியிருக்கிறது. அதாவது ஒரு நாளைக்கு 75 கேலன், நம் கணக்கில் சுமார் 284 லிட்டர். ஆனால் அந்தக் கணக்கு 25 டிகிரி தண்ணீருக்கு! தண்ணீர் குளிரக் குளிர மெம்பிரேனுக்குள் புகுந்து வருவது கடினமாகிறது. ஒரு டிகிரி குறைந்தால் ஏறக்குறைய மூன்று சதவீதம் குறையும். 10 டிகிரிக்கு வந்தால் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் கிடைக்கும். நிமிடத்துக்கு 200 மில்லி கொடுக்க வேண்டியது 110, 115 தான் கொடுக்கும். அது கோளாறே கிடையாது. ஏப்ரல், மே வந்தால் யாரும் கை வைக்காமலே தானாக ஏறிவிடும். முதல் மெம்பிரேனை மாற்றிய வருடம் அப்படித்தான் வெயில் வந்ததும் தண்ணீர் நன்றாக வந்தது, நான் புது மெம்பிரேனின் புண்ணியம் என்று நம்பினேன். அடுத்த பனிக்கு மறுபடி குறைந்தது, மறுபடி மாற்றினார்கள்.

மூன்றாவது முறைக்கு முன்பு நானே ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கினேன், ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவது. குழாய்த் தண்ணீர் 62 காட்டியது. மெஷினிலிருந்து வந்தது 4. உள்ளே போகும் உப்பில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் பிடித்து நிறுத்துகிற மெம்பிரேன் எப்படிச் செத்ததாகும்? செத்துப்போனால் அந்த 4 ஏறி 30, 40 என்று போக வேண்டாமா? போனில் இதைச் சொன்னேன். "சரிக்கா" என்றான். அப்புறம் நான் வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வந்து, வீட்டில் இருந்த அத்தையிடம் 2,200 ரூபாய் வாங்கிக்கொண்டு மெம்பிரேனை மாற்றிவிட்டுப் போய்விட்டான்.

அன்றைக்குச் சாயங்காலம் அத்தைக்கு ஒரே சந்தோஷம். தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. மீட்டரை விட்டுப் பார்த்தேன், 55. குழாய்த் தண்ணீரேதான் வடிகட்டின பக்கம் வழியாக வந்துகொண்டிருக்கிறது. கேட்டால், "புதுசு, செட் ஆக ரெண்டு நாள் ஆகும்" என்றான். புது மெம்பிரேன் என்றால் முதலில் நிறையும் ஒரு டேங்க் தண்ணீரைக் கீழே ஊற்ற வேண்டும், அது எனக்கும் தெரியும். இரண்டு நாள் எதற்கு?

மூன்றாம் நாள் நானே தண்ணீரை அடைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெம்பிரேன் உட்காரும் கூடான ஹவுசிங்கின் மூடியைக் கழற்றினேன். மெம்பிரேனின் ஒரு முனையில் குழாய் போல நீட்டிக்கொண்டிருக்கும், அதில் இரண்டு சின்ன ஓ ரிங், நீர் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள். அந்த முனை ஹவுசிங்கின் அடியில் இருக்கும் குழிக்குள் அழுத்திப் போய் உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் அது உட்காரவே இல்லை. ஒரு ரிங் முறுக்கிக்கொண்டு பள்ளத்தை விட்டு வெளியே பிதுங்கி நின்றது. அந்த இடைவெளி வழியாகத்தான் வடிகட்டாத தண்ணீர் நேராக வெளியே போயிருக்கிறது. ரிங்கைச் சரி செய்து, தண்ணீரில் நனைத்து, கட்டை விரலால் அழுத்தினேன். 'டொக்' என்று ஒரு சின்ன இடறல், அதற்குப் பிறகு உட்கார்ந்துவிட்டது. பத்து நிமிட வேலை. டிடிஎஸ் 6க்கு இறங்கியது. கூடவே தண்ணீரும் பழையபடி நூலாக இறங்கிவிட்டது, ஏனென்றால் குளிர் அப்படியே இருக்கிறதே! இந்த நூலுக்குத்தான் இன்றைக்கு நாலாவது மெம்பிரேன் எடுத்து வருகிறானாம்.

அந்தப் பையன் மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. அவன் கையில் ஒரு மீட்டரும் தெர்மாமீட்டரும் கொடுத்து அனுப்பாத கம்பெனி மேல்தான் கோபம். சமவெளியில் எழுதின பாடத்தையே இந்த மலைக்கும் படிக்கிறார்கள். முதலில் இந்த ஊருக்கு ஆர்ஓ எதற்கு? குடிநீருக்கான இந்தியத் தரமே டிடிஎஸ் 500 வரைக்கும் ஏற்கிறது. 500க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்யச் சொல்லி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019இலேயே உத்தரவு போட்டது. எங்கள் தண்ணீர் 62! எங்களுக்கு வேண்டியது மழைக்காலக் கலங்கலைப் பிடிக்க ஒரு ஃபில்டர், கிருமிக்கு யுவி விளக்கு அல்லது நன்றாகக் கொதிக்க வைப்பது. டிடிஎஸ் மீட்டர் கிருமியைக் காட்டாது என்பதைக்கூட விற்கும்போது யாரும் சொல்லவில்லை. 62ஐ 4 ஆக்க ஒரு மெஷின் விற்றுவிட்டு, "உப்பே இல்லாம குடிக்கக் கூடாது மேடம்" என்று குழாய்த் தண்ணீரையே மறுபடி கலந்துவிடும் ஒரு திருகை அதற்குள்ளேயே வைத்துத் தனியாக விலை சொன்னார்கள்.

பிடித்த உப்போடு மெஷின் வெளியே தள்ளும் வேஸ்ட் தண்ணீரையும் அளந்தேன். நிமிடத்துக்கு 450 மில்லி. அந்த வழியில் இருக்கும் அடைப்பான் குளிரென்றாலும் ஏறக்குறைய அதே அளவைத்தான் விடும். நல்ல தண்ணீர் 110. ஒரு குடம் குடிக்க நாலு குடம் போகிறது. எங்கள் தெருவில் தண்ணீர் விடும் நாளன்று விடியற்காலை பனியில் ஸ்வெட்டர் மேல் சால்வை போட்டுக்கொண்டு பிடித்து வைக்கிற தண்ணீர் அது. பாத்திரம் கழுவவும் செடிக்கும் நான் வாளியில் பிடிக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா வயதானவர், பென்ஷனில் காலம் தள்ளுகிறவர், வாளியைத் தூக்க முடியாமல் சாக்கடைக்கே விட்டுவிடுகிறார். அவரிடமும் இரண்டு முறை மெம்பிரேன் மாற்றிக் காசு வாங்கியிருக்கிறார்கள். இரண்டும் மார்கழியில்.

அவன் திங்கட்கிழமை வருகிறான். நானும் லீவு போட்டிருக்கிறேன். தெர்மாமீட்டர், டிடிஎஸ் மீட்டர், அளவு போட்ட டம்ளர் மூன்றையும் கிச்சன் மேடையில் எடுத்து வைத்தாகிவிட்டது. புது மெம்பிரேன் பையை விட்டு வெளியே வரக் கூடாது. பழையவற்றை கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார்களே, அதில் 4 காட்டிக்கொண்டிருந்தது என் காசில் வாங்கிய நல்ல மெம்பிரேன். அதைக் கொண்டு வந்து கொடுக்கட்டும், இல்லையென்றால் அத்தையிடம் வாங்கிய 2,200 ரூபாயை மேடை மேல் எண்ணி வைக்கட்டும்.