இலவசமாகப் போனவர் மக்டோமினே அல்ல

தம்பி, மன்செஸ்டர் யுனைடெட் உதைபந்தாட்டக் கழகத்தின் மீது உங்களுக்குள்ள கோபம் எனக்கும் உண்டு. ஆனால் "மக்டோமினேயை இலவசமாகக் கைவிட்டார்கள், அவர் நாபோலிக்குக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தார்" என்று எழுதியதில் முதல் பாதி தவறு. 2024 ஓகஸ்டில் ஏறக்குறைய 25 மில்லியன் பவுணுக்கு அந்த நடுக்கள வீரரை இத்தாலியின் நாபோலிக் கழகத்துக்கு விற்றார்கள். நீங்கள் போக்பாவோடு குழப்பிக்கொண்டீர்கள் போலும். 2012இல் சொற்பத் தொகைக்கு இன்னொரு இத்தாலியக் கழகமான யுவென்டஸுக்குப் போனவரை 2016இல் 89 மில்லியன் கொடுத்து மீட்டு, 2022இல் அதே யுவென்டஸுக்குச் சும்மாவே விட்டார்கள். தலையில் அடித்துக்கொள்ள வேண்டிய கதை அதுதான்.

மக்டோமினேயின் கதை வேறு. வாங்கிய வீரரின் விலை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரிந்து கணக்கில் ஏறும். மக்டோமினே போல, சிறுவயது முதல் கழகத்திலேயே வளர்ந்தவரை விற்றாலோ, வீட்டுத் தோட்டத்து லீக்ஸை நுவரெலியாச் சந்தையில் விற்றது போல, வந்ததெல்லாம் இலாபம். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் விதித்த நிதிக் கட்டுப்பாடுகளைச் சமாளிக்க அது பெரிய கவர்ச்சி. பிரேசில் வீரர் அன்ரனியை வாங்க 80 மில்லியனுக்கு மேல் கொட்டிய நிர்வாகம் வேறென்ன செய்யும்? (ஹட்டன் டன்பார் மைதானத்தில் ஒரு பையனின் முதுகில் அன்ரனியின் 21ஆம் எண் இன்னும் பாதி உரிந்து தொங்குகிறது.)

இதற்கெல்லாம் பயிற்றுநர்களை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. 2021 மார்ச் வரை அங்கே, வீரர்களை வாங்கி விற்பதைக் கவனிக்கும் உதைபந்தாட்டப் பணிப்பாளர் என்ற பதவியே இருக்கவில்லை.

நாபோலி பற்றி எழுதியது சரி. 2025 மே மாதம் காலியாரிக்கு எதிராக இத்தாலிய லீக் கிண்ணத்தை உறுதிசெய்த ஆட்டத்தில் முதல் கோல் மக்டோமினேயுடையது. மற்றைய கோலை அடித்த லுகாகுவும் யுனைடெட் விற்றவர்தான்.