2 கொரிந்தியர் 6:17 குறித்து ஒரு திருத்தம்

இந்தப் பொல்லாத காலத்தில் பரிசுத்தமாய் வாழ விரும்பும் விசுவாசி, அவிசுவாசிகளோடு வேலை செய்யவோ அவர்கள் வீட்டில் சாப்பிடவோ கூடாது, இளைஞர்கள் அப்படிப்பட்ட வேலையை விட்டு வரவேண்டும் என்றும், “அவர்கள் நடுவிலிருந்து புறப்பட்டுப் பிரிந்துபோய்” என்னும் 2 கொரிந்தியர் 6:17 அதையே கட்டளையிடுகிறது என்றும் ஒரு சகோதரர் எழுதியிருப்பது சரியன்று. அதற்கு முந்தின வசனம் தேவனுடைய ஆலயத்துக்கும் விக்கிரகங்களுக்கும் சம்பந்தம் ஏது என்று கேட்கிறது. அங்கே பேசப்படுவது வழிபாட்டில் கலப்பதைப் பற்றியே தவிர, ராயபுரத்தில் ஒரே சந்தில் குடியிருப்பதைப் பற்றியன்று. அதே கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தில் (1 கொரிந்தியர் 5:9-11), தாம் விலகச் சொன்னது இவ்வுலகத்துப் பாவிகளை விட்டு அல்ல, அப்படியானால் உலகத்தை விட்டே போகவேண்டியிருக்குமே என்றும், சகோதரன் என்ற பெயரோடு பொருளாசைக்காரனாகவும் குடிவெறியனாகவும் திரிகிறவனோடு கலந்திராதிருக்கவே சொன்னதாகவும் பவுல் தாமே விளக்குகிறார். அவிசுவாசி விருந்துக்கு அழைத்தால், போக மனமிருந்தால், பரிமாறியதைச் சாப்பிடலாம் என்கிறது அதே நிருபத்தின் 10:27. அது விக்கிரகத்துக்குப் படைத்தது என்று ஒருவர் அறிவித்தால் மட்டுமே தவிர்க்கவேண்டும்.

பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட தானியேலைச் சகோதரர் தம் கட்சிக்குச் சாட்சியாக அழைத்திருப்பதுதான் வியப்பு. ராஜ போஜனத்தை மறுத்த அதே தானியேல், கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்று, அந்நிய ராஜாக்களிடம் பல்லாண்டு உத்தியோகம் பார்த்தார். பகைவர் அவருடைய அலுவலில் குற்றம் தேடிக் கிடைக்காமல்தான் (தானியேல் 6:4) அவருடைய ஜெபத்தில் கைவைத்தார்கள். செவுள் வெளுத்த மீனை இன்று கரையேறியது என்று சொல்லி விற்க மறுக்கும் காசிமேட்டு வியாபாரியும், முதலாளிக்காகக் கள்ளக் கணக்கு எழுத மறுக்கும் குமாஸ்தாவும் அவிசுவாசிகளுக்கு நடுவில் நின்றுதான் அதைச் செய்கிறார்கள். இளைஞர்களை வேலையை விட்டு வரச் சொல்லும் பகுதியையாவது சகோதரர் நீக்கிவிடுவது நல்லது.