ட்ரோனை எடுத்துவிட்டீர்கள், சிமுலேஷன் என்ற பெயரை மட்டும் ஏன் விட்டுவைத்தீர்கள்?

ஆர்மா 3 என்ற கணினிப் போர் விளையாட்டை ஆடும் நம் குழுவில், சனிக்கிழமை இரவு ஆட்டத்தில் ட்ரோனால் செத்த கதையை மறுபடி விவரிக்கப் போவதில்லை. குழுவில் இருப்பவர்கள் நேரில் பார்த்தீர்கள், மற்றவர்கள் அதற்குப் பிறகு ஓடிய சண்டையைப் படித்திருப்பீர்கள். மறுநாள் காலை அறிவிப்பு வந்தது: இனி நம் சர்வரில் ட்ரோன் கிடையாது, ஆட்டத்தின் சுவை கெடுகிறது. வாக்கெடுப்பும் நடந்ததாம். நான் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்திருக்கிறது. ஜனநாயகம் வாழ்க.

என் கேள்வி ஒன்றுதான். இதைச் சிமுலேஷன் என்று இன்னும் எதற்காகச் சொல்லிக்கொள்கிறோம்?

நம் குழுவின் பெருமையே யதார்த்தம்தான். ஆர்மா 3இல், ஆட்டத்தை இன்னும் நிஜமாக்கும் ஏஸ் என்ற கூடுதல் மென்பொருளைப் (மோட்) போட்டு, எந்தக் காயத்துக்கு எந்தக் கட்டு என்று பார்த்துப் பார்த்துக் கட்டுகிறோம். தொலைவில் சுடும்போது காற்றின் வேகத்தைக் கணக்கில் எடுக்கிறோம். சுமை கூடினால் மூச்சு வாங்குகிறது. புதிதாக வந்த ஒருவர், "ஏன் இவ்வளவு தூரம் நடக்க வேண்டும்?" என்று கேட்டபோது, "போர் அப்படித்தான் தம்பி" என்று பதில் சொன்னது யார்? இந்த அறிவிப்பை எழுதியவரேதான். இத்தனை யதார்த்தத்தைத் தாங்கிய நமக்குத் தலைக்கு மேல் ரீங்கரிக்கும் நான்கு விசிறிகளை மட்டும் தாங்க முடியவில்லை.

ஆர்மா 3 வெளிவந்தது 2013இல். கதை நடப்பது 2035இல். முதுகுப்பையில் தூக்கிப் போய்ப் பறக்கவிடும் டார்ட்டர் குவாட்காப்டரை அப்போதே அதில் வைத்தார்கள். நிஜப் போர் 2035 வரை காத்திருக்கவில்லை. ஈராக்கின் மோசுல் சண்டையிலேயே கடையில் வாங்கிய ட்ரோன்களிலிருந்து குண்டுகள் விழுந்தன. 2020இல் அசர்பைஜானும் ஆர்மீனியாவும் மோதிய கராபாக்கில் டாங்கிகள் வானிலிருந்து வேட்டையாடப்பட்டதை உலகமே காணொளியில் பார்த்தது. உக்ரைனில் இன்று சாலைகளுக்கு மேல் வலை கட்டி அதனடியில் வண்டி ஓட்டுகிறார்கள், டாங்கிகளுக்கு இரும்புக் கூண்டு மாட்டுகிறார்கள். நாமோ பணிக் குறிப்பில் இன்றைய ஆண்டைப் போட்டுவிட்டு, 1980களின் வானத்தைக் கொண்டு வந்து மேலே ஒட்டுகிறோம். பனிப்போர்க் காலப் பணி என்றால் ட்ரோன் வேண்டாம், அதை நானே முதலில் சொல்வேன். அது வேறு விஷயம். இன்றைய போரை ஆடுகிறேன் என்று சொல்லிவிட்டு ட்ரோனை மட்டும் எடுத்தால் அது பொய்.

"எங்கிருந்து செத்தோம் என்றே தெரியவில்லை, இதில் என்ன சுவை?" என்று கேட்கிறார்கள். மார்ட்டர் என்ற சிறு பீரங்கியின் குண்டு விழும்போது மட்டும் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிகிறதா? எண்ணூறு மீட்டருக்கு அப்பாலிருந்து ஸ்னைப்பர் சுட்டால் முன்கூட்டித் தகவல் அனுப்புகிறாரா? மார்ட்டரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, ஏனென்றால் மார்ட்டருக்குப் பின்னால் உட்கார்வது யார் என்று நமக்குத் தெரியும்.

கெட்ட ட்ரோன்களும் விளையாட்டுகளில் உண்டு, மறுக்கவில்லை. 2005இல் வந்த பேட்டில்ஃபீல்ட் 2இல் தளபதி யூ.ஏ.வி. என்ற ஆளில்லா வேவு விமானத்தை அனுப்பினால் வரைபடத்தில் எதிரிகள் புள்ளிகளாக மின்னுவார்கள். 2007இன் கால் ஆஃப் டூட்டியில் சாகாமல் மூன்று பேரைச் சுட்டால் அதே வரம் கிடைக்கும். அது ட்ரோன் அல்ல, மந்திரக் கண்ணாடி. 2015இல் வந்த ரெயின்போ சிக்ஸ் சீஜ் இதைவிட நேர்மையானது. தரையில் உருளும் குட்டி ட்ரோனைச் சுட்டு உடைக்கலாம், ம்யூட் என்ற பாத்திரம் வைக்கும், சிக்னலைக் குலைக்கும் ஜாமரால் செயலிழக்கச் செய்யலாம். ட்ரோனின் பலம் அளவுக்கு அதன் பலவீனமும் ஆட்டத்துக்குள் வர வேண்டும் என்றுதான் நானும் கத்திக்கொண்டிருக்கிறேன்.

பலவீனங்களுக்கா பஞ்சம்? இயக்குபவர் அதன் கேமரா வழியாகப் பார்த்தபடியே ஓட்டும், குண்டு சுமக்கும் சிறிய எஃப்.பி.வி. ட்ரோனின் பேட்டரி சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். மேட்டுக்குப் பின்னால் தாழ இறங்கினால் சிக்னல் மறைந்து படம் நொறுங்கும், கடைசி நொடியில் இயக்குபவர் குருடர். அதனால்தான் சிக்னலைக் கடத்துவதற்கென்றே இன்னொரு ட்ரோனை உயரத்தில் நிறுத்துகிறார்கள். ஜாமரிலிருந்து தப்பிக்க ஒளியிழைக் கம்பியைப் பின்னால் விட்டுக்கொண்டு பறக்கும் ட்ரோன்கள் வந்தன. அவற்றுக்குக் கம்பியே எமன், மரத்தில் சிக்கினால் முடிந்தது. மழையும் காற்றும் வேறு இருக்கின்றன. நம் ஆட்டத்தில் ட்ரோன் இயக்கும்போது உடல் புதருக்குள் அப்படியே கிடக்கும், யாராவது வந்து கழுத்தில் கத்தி வைத்தாலும் தெரியாது. ஆளுக்கு இரண்டு பேட்டரி, எதிரணிக்கு ஒரு ஜாமர், மழையில் பறக்கத் தடை என்று விதி போடலாம் என்று எழுதினேன். அதற்கு வந்த ஒரே பதில் ஒரு சிரிப்புப் பொம்மை.

யார் எதைப் பார்க்கிறார்கள் என்பதுதான் போர் விளையாட்டின் உயிரே. 1824இல் ரெய்ஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி வடிவமைத்த 'க்ரீக்ஷ்பீல்' ஆட்டத்தில், ஒரு தரப்பின் படை எங்கே நிற்கிறது என்பது மறு தரப்புக்குத் தெரியாது. வேவு பார்ப்பவர் கண்ணில் பட்டதை மட்டுமே நடுவர் காட்டுவார். இருநூறு ஆண்டுகளாக ஆடிவரும் அந்த ஆட்டத்தின் இன்றைய வடிவம் ட்ரோன். மேலே கண் இருக்கிறது என்று தெரிந்தால் மறையக் கற்றுக்கொள்ள வேண்டும். மரநிழலில் போக வேண்டும், எட்டுப் பேர் ஒன்றாக வயலைக் கடக்காமல் இரண்டிரண்டு பேராகக் கடக்க வேண்டும். சனிக்கிழமை எத்தனை பேர் ஒன்றாகக் கடந்தீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பதிவு இருக்கிறது.

இன்னொருவர் உருக்கமாக எழுதியிருந்தார்: நிஜ மனிதர்கள் இப்படித்தான் சாகிறார்கள், அதை விளையாட்டாக்குவது அசிங்கம் என்று. அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ட்ரோன் துரத்தும்போது திரும்பிப் பார்க்கும் மனிதரின் முகம் தெரியும் காணொளிகளை, அதுவும் இசை சேர்த்து வருபவற்றை, நான் பார்ப்பதில்லை. ஆனால் துப்பாக்கியால் சாகிறவர்கள் நிஜ மனிதர்கள் இல்லையா? அதே நண்பர்தான் போன மாதம் ஆட்டத்தில் கண்ணிவெடிகளைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டார். இதே ஆர்மாவுக்கு 2017இல் போர்ச் சட்டங்களைப் பற்றிய விரிவாக்கம் வந்தது, அந்த ஆண்டு அதை விற்றுக் கிடைத்த நிகர வருவாயில் பாதியைச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். கண்ணிவெடியும் கொத்துக்குண்டும் சாதாரண மனிதர்களை என்ன செய்கின்றன என்று சொன்னதும் ஒரு விளையாட்டுதான். இன்னொன்றும் சொல்கிறேன், பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். உக்ரைனில் தாக்குதலைக் காணொளியால் நிரூபிக்கும் படைப்பிரிவுகளுக்குப் புள்ளிகள் தருகிறார்கள், அந்தப் புள்ளிகளைக் கொடுத்துப் புது ட்ரோன்கள் வாங்கலாம். போர் விளையாட்டிடமிருந்து கடன் வாங்கிக்கொண்டிருக்கிறது. நாம் என்னவோ ட்ரோனை எடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்கிறோம்.

"அண்ணாவுக்கு ட்ரோன் இல்லாவிட்டால் இங்கே வேலையே இல்லை" என்று என்னைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். நகைச்சுவையாம். நிறைய பேர் ரசித்திருக்கிறீர்கள்.

சரி, சொல்கிறேன். எனக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. மூலையில் எதிரி எட்டிப்பார்த்தால், என் கண் அதை மூளைக்குச் சொல்வதற்குள் உங்களில் ஒருவர் சுட்டு முடித்துவிடுவார். அதில் எனக்கு வெட்கம் இல்லை. ட்ரோன் வந்த பிறகு எனக்கும் ஓர் இடம் கிடைத்தது. ஒரே சாலையைச் சலிக்காமல் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டும், அந்தப் பொறுமை என்னிடம் இருந்தது. ஒரு பணியில் கிராமத்தைத் தாக்கக் கிளம்பிவிட்டீர்கள். முற்றத்தில் நடமாடிய இரண்டு பேரிடமும் ஆயுதம் இல்லை, சுடாதீர்கள் என்று ரேடியோவில் தொண்டை வறளக் கத்தினேன். பொதுமக்கள். சுட்டிருந்தால் பணி தோல்வி என்று அதை வடிவமைத்தவர் பிறகு சொன்னார். அன்று யாரும் சுவை கெட்டது என்று சொல்லவில்லை. என்னைப் பற்றியும் யாரும் எதுவும் சொல்லவில்லை என்பது வேறு கதை.

"அப்படியானால் உங்கள் சௌகரியத்துக்காகத்தான் ட்ரோன் கேட்கிறீர்கள்" என்பீர்கள். ஆமாம், அதற்காகவும்தான். மருத்துவராக வருபவர் தன் சௌகரியத்துக்கு வருவதில்லையா? ஓட்டுநர்? வேகமாகச் சுடுகிறவர்கள் வேகமாகச் சுடுவதை மட்டும் திறமை என்று முடிவுசெய்து வாக்கெடுப்பும் நடத்திக்கொண்டால், மிச்சமிருப்பவர்கள் எங்கே போவது?

வரும் வாரப் பட்டியலில் என் பெயருக்கு நேராக 'ரைஃபிள்மேன்' என்று போட்டிருக்கிறார்கள், ஒரு வார்த்தை கேட்காமல். அதை அடித்துவிடுங்கள். மார்ட்டர் குழுவில் இடம் காலியாக இருந்தால் சொல்லுங்கள், வருகிறேன். அதில் சாகிறவர்கள் யாரும் புகார் கொடுப்பதில்லை.