நாலு மஞ்சள் இதழ் மட்டும் போதாது

நாலு மஞ்சள் இதழ் சிலுவை மாதிரி இருந்தால் காட்டுக்கடுகு என்று கட்டுரையில் முடித்துவிட்டீர்கள். கடுகுக் குடும்பத்தில் பல செடிகள் அப்படித்தான் பூக்கும். நாய்க்கடுகும் நாலு மஞ்சள் இதழோடுதான் நிற்கும். ஆனால் அது வேளைச் செடிகளின் குடும்பம். தொட்டால் பிசுபிசுக்கும், இலை மூன்று அல்லது ஐந்தாகப் பிரிந்திருக்கும். பூவுக்குள் மகரந்தத் தாளை எண்ணுங்கள்: கடுகில் ஆறு, அதிலும் நாலு நீளம், இரண்டு குட்டை.

அப்புறம் காயைப் பாருங்கள். கடுகுக் குடும்பத்திலேயே உள்ள காட்டு முள்ளங்கியின் காய் விதைக்கு விதை இடுங்கி, பாசிமணி கோத்தது போல் இருக்கும். காய்ந்தால் துண்டு துண்டாக ஒடியும். காட்டுக்கடுகின் காய் நீளவாக்கில் இரண்டாக வெடிக்கும், நுனியில் அலகு மாதிரி ஒரு மூக்கு. தண்டின் அடிப்பகுதியைத் தடவினால் சொரசொரவென முடி குத்தும். மேல் இலை தண்டைக் கட்டிப் பிடிக்காது. தழுவிக்கொண்டு இருந்தால் அது டர்னிப் போன்ற வேறு இனம்.

காட்டுக்கடுகின் பூர்விகம் மத்தியதரைக்கடல் பகுதி. அடர்ந்த காட்டுக்குள் தேடாதீர்கள், பெயர்தான் காடு! உழுத வயல், சாலையோரம், மண்மேடு என்று கிளறிவிட்ட நிலத்தில்தான் வரும். விதை பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் உறங்கும். கிளறினால் மறுபடி முளைக்கும்.